சாரலில் அளந்த கியர்பாக்ஸ்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் சன்னலை மூடத் தோன்றாது. மாதக்கணக்கில் வெயிலில் வெந்து கிடந்தவர்கள் மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கியதும் வீடு, கடை, வங்கி, அரசு ஆபீஸ் என்று பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடுவார்கள். மேசையில் இருக்கும் காகிதம் நனைந்தால் அதை நகர்த்தி வைப்பார்களே தவிர சன்னலைச் சாத்த மாட்டார்கள். யாராவது எழுந்துபோய்ச் சாத்தினால், ஊருக்குப் புதிது போலிருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் மேலகரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பக்கம் தென்காசி, ஒரு பக்கம் குற்றாலம். சன்னலைத் திறப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

அந்தப் பழக்கம்தான் என் அண்ணனின் பட்டறையை மூட வைத்தது என்று சில மாதங்கள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். பழக்கத்தின் மேல் பழி போடுவது சுலபம். மூட வைத்தது நான்தான்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வகுப்பெடுப்பதோடு சோதனைக்கூடமும் என் பொறுப்பு. வெளியே இருந்து மில்காரர்களும் பட்டறைக்காரர்களும் கியர்பாக்ஸ், பெல்ட், செயின் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். மோட்டாரிலிருந்து மெஷினுக்குச் சக்தி போகிற வழியில் எவ்வளவு வீணாகிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பேன். இதைக் கல்யாண வீடுகளில் விளக்கிச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கரண்டு ரீடிங் எடுக்க வேலையா?” என்று ஒரு சித்தி கேட்டாள். ஆமாம் சித்தி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வேலை உண்மையில் அவ்வளவு சிக்கலானது இல்லை. ஒரு பக்கம் மோட்டார். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் காட்டும். மோட்டாரே தின்பதைக் கழித்துவிட்டால் கியர்பாக்ஸுக்குள் போவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மறுபக்கம் கியர்பாக்ஸ் சுற்றுகிற இரும்பு உருளை. அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மறுமுனையை ஸ்பிரிங் தராசில் மாட்டினால் வெளியே வருவது எவ்வளவு என்று தெரியும். உள்ளே நூறு போனால் வெளியே எத்தனை தேறுகிறது, அவ்வளவுதான் கணக்கு. தேறாதது எங்கும் காணாமல் போவதில்லை. சூடாகிறது. கை வைத்தால் தெரியும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வெளியூர்க் கம்பெனிகளில் பத்து வருடம் கியர் வெட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து, மேலகரத்தில் தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை வைத்தான். பழைய மெஷின் ஒன்றை வாங்கி அதைப் புதிதாக்குவதற்கே ஒரு வருடம் ஆனது. அதில் அவன் வார்ம் கியர்பாக்ஸ் செய்தான். ஒரு திருகாணி போன்ற எஃகுத் தண்டு வெண்கலச் சக்கரத்தோடு உரசி உரசி அதைத் திருப்பும். வேகமாகச் சுற்றும் மோட்டாரை மெதுவான, வலுவான சுழற்சியாக மாற்றுவதற்கு அதுதான் எளிய வழி. உரசித்தான் வேலை செய்யும் என்பதால் சூடும் அதிகம், வீணாவதும் அதிகம்.

எங்கள் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தக்காரன் மேல் புகார் வந்தால் மற்றவனுக்கு ஒரு அடி என்றால் இவனுக்கு இரண்டு அடி கொடுப்பார் என்று ஊரில் அவருக்குப் பெயர். அதைப் பெருமையாகச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். அடி வாங்கிய சொந்தக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அச்சன்புதூர்ப் பக்கம் வயலும் பழைய அரிசி ஆலையும் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் ஆலையைப் புதிதாகக் கட்டினார். நெல்லை மேலே தூக்கவும் தள்ளவும் பதினாறு கியர்பாக்ஸ் வேண்டும். அண்ணன் ஒரு விலை சொல்லியிருந்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்றும் சொல்லியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அண்ணாச்சி நேராக என்னிடம் வந்தார்.

“ரெண்டையும் உங்கிட்டயே தாரேம்மா. எது கரண்டு கம்மியா இழுக்குன்னு அளந்து எழுதிக் குடு. அத வாங்குதேன். உங்க அண்ணன்னு பாக்காம எழுதணும்.”

“எங்க அண்ணன்னு பாத்தா இந்த வேலையில இருக்க முடியாது அண்ணாச்சி” என்றேன். எவ்வளவு திமிராகச் சொன்னேன் என்பது இப்போது காதில் கேட்கிறது.

பதினாறு கியர்பாக்ஸ் என்பது அண்ணனுக்கு ஒரு வருட வேலை. அதைவிட முக்கியம், அந்த ஆலையில் ஓடுவதைப் பார்த்து மற்ற ஆலைக்காரர்கள் வருவார்கள். அது கிடைத்தால் பட்டறை நிற்கும், கிடைக்காவிட்டால் நிற்காது. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

வெளியூர்க் கம்பெனியின் கியர்பாக்ஸ் பெட்டி முதலில் வந்தது. அப்போது சித்திரை. சோதனைக்கூடத்தில் மேற்குப் பக்கத்துச் சன்னல்கள் மூன்றும் இறுகச் சாத்தியிருந்தன. ஒன்று, அனல் காற்று. இரண்டாவது, குரங்குகள். குற்றாலத்தில் தண்ணீரும் இல்லாமல் ஆட்களும் இல்லாமல் போனால் அவை எங்கள் பக்கம் வந்துவிடும். ஒரு தடவை ஸ்பிரிங் தராசையே ஒன்று தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து கோடையில் சன்னலைத் திறப்பதில்லை. அந்த வாரம் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடந்தது. சோதனை மேடையில் மாட்டியிருந்த வெளியூர்ப் பெட்டியையே அவர்கள் காலையிலிருந்து மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு நாள் தேர்வு. கடைசி நாள் மத்தியானம் அவர்கள் போன பிறகு நான் அளந்தேன். பெட்டியில் கை வைக்க முடியவில்லை. ஆயிலின் சூட்டை தெர்மாமீட்டரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். நூற்றுக்கு எழுபத்திரண்டு தேறியது.

அண்ணன் பெட்டியை முடித்துக் கொண்டுவரும்போது ஆனி வந்துவிட்டது.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் பெட்டியை பைக்கின் முன்னால் டேங்க் மேல் சாக்கு விரித்து வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். பச்சை பெயிண்ட் இன்னும் மணத்தது. சட்டையெல்லாம் சாரலில் நனைந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி மேடையில் வைத்து போல்ட்டை முடுக்கினோம். “உள்ள புழுக்கமா இருக்குட்டி” என்று சொல்லிக்கொண்டே அவன் சன்னல் பக்கம் போய்க் கொண்டியை இழுத்துப் பார்த்தான். கோடை முழுக்கச் சாத்தியிருந்ததால் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, வரவில்லை. “தள்ளு, உனக்கு அது பழக்கமில்ல” என்று நான் மரச்சுத்தியலை எடுத்துவந்து தட்டினேன். ஒன்றைத் திறந்தேன். காற்று முகத்தில் அடித்த சுகத்தில் மற்ற இரண்டையும் திறந்தேன். கதவுகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க அறுந்த பெல்ட் துண்டுகளை மடக்கிக் கீழே செருகியதும் நான்தான். மூன்று சன்னலுக்கும் நேராகச் சோதனை மேடை. சாரல் காற்று நேராகப் பெட்டியின் மேல் விழுந்தது.

எனக்கு அன்று அவசரம் வேறு. குற்றாலத்தில் சீசன் வந்தால் எங்களுக்கு ஊர் ஊராக இருக்கும் சொந்தமெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு வருடம் முழுக்க போன் பேசாதவர்கள் ஆனியில் மட்டும், “அருவியில தண்ணி விழுதா?” என்று கேட்பார்கள். அன்றைக்கும் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய் அவர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப் போக வேண்டும். மோட்டாரை ஓட விட்டு இருபது நிமிடம் பார்த்தேன். மீட்டரின் முள் ஆடாமல் நின்றது. அளக்க ஆரம்பித்தேன்.

சோதனைக்கூடச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. ஆயிலின் சூடு ஏறி, இனி ஏறாது என்று நின்ற பிறகே அளவெடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழுதியது நான். கலர் பேனாவில் அடிக்கோடு போட்டதும் நான். முந்தைய வாரம் ஒரு மாணவன் தெர்மாமீட்டரைக் கீழே போட்டு உடைத்திருந்தான். புதியது வரவில்லை. பதிவேட்டில் ஆயில் சூடு என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அறுபத்திநான்கு தேறியது. மூன்று தடவை எடை மாற்றி அளந்தும் அதேதான்.

இரண்டு பெட்டியின் கணக்கும் எழுதியிருந்த தாளை அண்ணன் வாங்கிப் பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவனைப் போல மறுபடி மறுபடி பார்த்தான்.

“எட்டு கொறையுதா?”

“எட்டுதான்.”

அவன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். “ஏட்டி, சூடே ஏறலையே. பாரு, நல்லா சில்லுனு இருக்கு.”

“சூடு ஏறலேன்னா நல்லதுதான அண்ணே.”

இந்த ஒரு வரிக்காக என் டிப்ளமோ, டிகிரி எல்லாவற்றையும் யாராவது திருப்பி வாங்கிக்கொண்டால் நான் மறுக்க மாட்டேன். நூற்றில் முப்பத்தாறு வீணாகிறது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வீணானது சூடாகத்தான் ஆக வேண்டும். அப்படியானால் பெட்டி கொதித்திருக்க வேண்டும். அது ஏன் சில்லென்று இருக்கிறது என்று அவன் கேட்டான். படிக்காதவன் கேட்ட கேள்வி இல்லை அது. அதுதான் சரியான கேள்வி. முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான். உண்டான சூட்டையெல்லாம் சாரல் வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சூடேறாத ஆயில் ஆறிப்போன பாயசம் மாதிரி கெட்டியாகவே கிடந்தது. அந்தக் கெட்டி ஆயிலைக் கடைவதற்கே நிறையச் சக்தி போய்க்கொண்டிருந்தது. வெண்கலச் சக்கரமும் புத்தம் புதிது. இரண்டு மூன்று நாள் உரசி ஓடினால்தான் அதன் பற்கள் வழவழப்பாகும். வெளியூர்ப் பெட்டிக்கு அந்த நாலு நாளை என் மாணவர்கள் தெரியாமலே கொடுத்திருந்தார்கள்.

“ஒரு ரெண்டு நாள் சும்மா ஓட விட்டுப் பெறவு அளந்து பாரேன்” என்றான்.

“அவங்களுக்குக் குடுக்காத சலுகைய உனக்கு எப்படி அண்ணே குடுக்க? நாளைக்கு என்ன பேசுவாவ? தங்கச்சி அண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டாம்பாவ.”

அவன் பெட்டியிலிருந்து கையை எடுத்தான். “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டுக் கை துடைக்கப் பழைய துணி கேட்டான்.

அவன் சண்டை போட்டிருக்கலாம். சின்ன வயதில் ஒரு மாங்காய்க்கு என் சடையைப் பிடித்து இழுத்தவன். அன்றைக்கும் இழுத்திருந்தால் நான் ஒருவேளை வீம்புக்காவது மறுபடி அளந்து காட்டியிருப்பேன். என் எழுத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு மரியாதை. அறிக்கையின் அடியில், ‘வெப்பநிலை சீரான பிறகு எடுக்கப்பட்ட அளவு’ என்று அச்சிட்ட வரி ஒன்று உண்டு. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். வேனில் வந்தவர்களோடு ஐந்தருவிக்குப் போய் ஆசை தீரக் குளித்துவிட்டும் வந்தேன். அண்ணனுக்காகக்கூட வளையாமல் எழுதினோம் என்று உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணாச்சி வெளியூர்ப் பெட்டியை வாங்கினார். என்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னார். அதன் பிறகு எனக்குச் சோதனைக்கு வரும் பெட்டிகள் அதிகமாயின.

அண்ணன் அந்த எட்டைத் தேடினான். எங்கே போனது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியவில்லை. மதினி ஒருநாள் வந்து சொன்னாள், “சாப்பிடும்போதும் கையில ஒரு சக்கரத்த வச்சு உருட்டிக்கிட்டே இருக்காவ.” திருகாணியின் சரிவை மாற்றினான். வெண்கலத்தை வேறு ஆளிடம் வார்த்து வாங்கினான். பேரிங்கை மாற்றினான். தன் கை எங்கே தப்பு செய்தது என்று ஒரு வருடம் தேடினான். இல்லாத தப்பைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மறுபடி அளக்க என்னிடம் கொண்டுவரவே இல்லை. அடுத்த சீசன் வருவதற்குள் மெஷினை விற்றுவிட்டு, சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலைக்குப் போய்விட்டான். “என் கை பழைய கை இல்லட்டி” என்று ஒரு பொங்கலன்று சொன்னான். நான் தலையாட்டினேன். ஆமோதித்தேன் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அந்தப் பச்சைப் பெட்டி சோதனைக்கூடத்திலேயே தங்கிவிட்டது. அதை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடாவருடம் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதை ஓட்டிக் காட்டினேன். “பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எஃபிஷியன்சி குறைவு. சின்னப் பட்டறையில் செய்தால் இப்படித்தான்” என்று பாடம் நடத்தினேன். செய்தவன் யார் என்று சொன்னதில்லை. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவேன். பத்து நிமிடத்தில் எந்தப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும்.

உண்மை வெளியே வந்ததற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லை. போன வருடம் கல்லூரியில் சோதனைக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் இணைத்த புதிய மேடை வந்தது. சாரல் பட்டால் கெட்டுவிடும் என்று மேற்குச் சன்னல்களை எடுத்துவிட்டு, திறக்க முடியாத கண்ணாடியைப் பதித்தார்கள். நான் சண்டை போட்டேன். சீசனில் காற்று வராத அறையில் உட்கார்ந்து எப்படி வேலை பார்ப்பது என்று முதல்வரிடம் போய் நின்றேன். அவர் வெளியூர்க்காரர். அவருக்குப் புரியவில்லை.

பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்தது. நானே உட்கார்ந்து ஏற்றினேன். வருடவாரியாக எண்களை வரிசைப்படுத்தியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வருடமும் சித்திரை, வைகாசியில் அளந்தவை மேலே இருந்தன. ஆனி, ஆடியில் அளந்தவை கீழே இறங்கின. ஐப்பசியில் மறுபடி ஏறின. யார் செய்த பெட்டியாக இருந்தாலும், எந்த ஊர்ப் பெட்டியாக இருந்தாலும் அப்படித்தான். கியர்பாக்ஸுக்குச் சீசன் தெரியுமா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிடம் எழுந்துபோய் அந்த ஒரு வருடத்துப் பதிவேட்டை எடுத்தேன். வெளியூர்ப் பெட்டிக்கு நேராக ஆயில் சூடு அறுபத்தொன்று என்று இருந்தது. அண்ணன் பெட்டிக்கு நேராக ஒரு கோடு. நான் இழுத்த கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தது.

பச்சைப் பெட்டியைத் துடைத்தேன். ஆயிலைக்கூட மாற்றவில்லை. அவன் ஊற்றியதுதான், கறுக்காமல் இருந்தது. அவ்வளவு குறைவாகத்தான் அது ஓடியிருந்தது. மூன்று நாள் காலையிலிருந்து மாலை வரை ஓட விட்டேன். நாலாவது நாள், சூடு ஏறி நின்ற பிறகு அளந்தேன். கண்ணாடிக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு துளி காற்று இல்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது.

எழுபத்திமூன்று.

வெளியூர்ப் பெட்டியைவிட ஒன்று அதிகம். ஒன்று கூடவோ குறையவோ இருப்பது எங்கள் கருவிகளில் சகஜம்தான், அதை வைத்து இவன் பெரியவன் என்று சொல்ல முடியாது. ஆனால் இவன் குறைந்தவன் என்று ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது. நான் மேடையின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், கண்ணுல ஆயில் பட்டுட்டா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு அன்று விடுமுறை. மதினி கோயிலுக்குப் போயிருந்தாள். மேற்குச் சன்னல் திறந்து கிடந்தது. அவன் அதன் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கே போனதும் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தாளை நீட்டினேன்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். அவனுக்குக் கண்ணாடி வந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

“எழுவத்திமூணா? எந்த ஆயிலு ஊத்துன?”

“நீ ஊத்துனதுதான்.”

“நல்லா ஓடுச்சா? சத்தம் இல்லையே?”

“இல்லண்ணே.” அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “அன்னைக்கு நான் தப்பா அளந்துட்டேன். ஆயில் சூடேறல. நீ சொன்ன, நான் கேக்கல.”

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “எனக்கு தெரியும்ட்டி” என்றான்.

எனக்குப் புரியவில்லை.

“காத்தாடி வேலைக்குப் போன மொத வருசமே பிடிபட்டுட்டு. அங்கன கியர்பாக்ஸ்ல ஆயில் சூடேறாம லோடு ஏத்த மாட்டாவ. காத்து எவ்வளவு அடிச்சாலும் சரி, காத்துக்கிட்டுதான் இருக்கணும். அதப் பாத்ததும் நம்ம பொட்டி ஞாபகம் வந்துட்டு. சில்லுனு இருந்துச்சே, அந்தக் காத்துதான்னு வெளங்கிட்டு.”

“பெறவு ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவன் சிரித்தான். என்னைச் சமாதானப்படுத்தும்போது சின்ன வயதிலிருந்தே அவன் சிரிக்கிற சிரிப்பு. “என்னன்னு சொல்ல? சன்னல தொறந்தது நாந்தான. வந்ததும் வராததுமா புழுக்கமா இருக்குன்னு போயி தொறந்து விட்டேன். நீ உன் வேலையப் பாத்த. கெடுத்துக்கிட்டது நானு. இத உங்கிட்ட சொன்னா நீ உன் கையெழுத்த நெனச்சு வருத்தப்பட்டுக்கிட்டுக் கெடப்ப. எதுக்கு? நம்ம தப்புன்னு விட்டுட்டேன்.”

இத்தனை வருடமும் அவன் அப்படி நம்பியிருக்கிறான். முதலில் தன் கை தப்பு என்று நம்பினான். கை சரிதான் என்று தெரிந்த பிறகு, சன்னல் தன் தப்பு என்று நம்பினான். ஒரு தடவைகூட என் பக்கம் அவன் விரலை நீட்டவில்லை.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கொண்டி உனக்கு வரவில்லை அண்ணே, நான்தான் சுத்தியலை எடுத்துத் தட்டினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?  சொல்லவில்லை. தப்பாக அளந்தேன் என்று ஒப்புக்கொண்டதே பெரிய காரியம் என்று இருந்தது எனக்கு. அந்தத் தப்பில் பாதியை அவன் தானாக எடுத்துக்கொண்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“சாரல் உம் மேல அடிக்கு பாரு” என்று அவன் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினான். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சீசனில் எழுந்து சன்னலைச் சாத்தி நான் பார்த்தது அன்றுதான். பிறகு இரண்டு டம்ளரில் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். பட்டறை இருந்த இடத்தில் இப்போது யாரோ பைக் நிறுத்தக் கொட்டகை போட்டிருப்பதைப் பற்றிப் பேசினோம். நான் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அது போன ஆடி. மறுபடி ஆனி வந்துவிட்டது. இடையில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டோம், பேசிவிட்டோம், அவன் மகள் சடங்குக்கு முன்வரிசையில் நின்று சீர்த் தட்டு தூக்கினேன். சொல்லவில்லை. பதிவேட்டில் அந்தக் கோட்டை அடித்து, சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பச்சைப் பெட்டியை இப்போது பிள்ளைகளுக்கு வேறு மாதிரி ஓட்டிக் காட்டுகிறேன், செய்தவன் என் அண்ணன் என்று சொல்லித்தான் காட்டுகிறேன். இதெல்லாம் சுலபம். அவன் சட்டைப் பையில் மடித்து வைத்த தாளில் எழுபத்திமூன்று என்று மட்டும்தான் இருக்கிறது. எழுத வேண்டிய இன்னொரு வரி அதில் இல்லை.

அண்ணே, கொண்டி உனக்கு வரவில்லை. நீ விலகி நின்றாய். சன்னலைத் திறந்தது நான்.